வெளிநாட்டு வேலைக்கு மெயில் போடும்போது

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். துபாய், கத்தார், சிங்கப்பூர் வேலைக்கு மெயில் போட வருகிறவர்கள் நிறைய. முக்கால்வாசிப் பேர் ஐடிஐ முடித்து, ஓசூர் சிப்காட்டில் சில வருஷம் வேலை பார்த்தவர்கள்.

எழுதிக்கொண்டு வருவதில் பாதி வீட்டுக் கதையாக இருக்கும். அப்பாவுக்கு முடியவில்லை, கடன், தங்கச்சி கல்யாணம். எல்லாம் நிஜம்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு ஹெச்ஆர் மொய் வைக்கவா போகிறார்? என்ன வேலை தெரியும், எப்போது வர முடியும் என்றுதான் அவர் பார்ப்பார். அதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

பாலக்கோட்டுத் தம்பி ஒருவர் "வெல்டிங் நன்றாகத் தெரியும்" என்று மட்டும் எழுதியிருந்தார். என்ன வெல்டிங் தம்பி என்று கேட்டால், டிக், ஆர்க் இரண்டும் தெரியும், 6ஜி டெஸ்ட்டும் பாஸ் என்கிறார். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்தி, சுற்றிலும் வெல்டிங் அடித்துக் காட்டுகிற டெஸ்ட் அது. அதைப் போய் எழுதாமல் விடலாமா! மாற்றி எழுதினோம்: "நான் பைப் வெல்டர், 6 வருஷ அனுபவம். டிக், ஆர்க் இரண்டும் செய்வேன். 6ஜி சர்டிஃபிகேட் இணைத்துள்ளேன். விசா வந்து 30 நாளில் சேர முடியும்." இதையே எளிய ஆங்கிலத்தில் போட்டால் போதும்.

சப்ஜெக்டைக் காலியாக விடாதீர்கள். 'அப்ளிகேஷன் ஃபார் பைப் வெல்டர், 6 இயர்ஸ்' என்று போட்டு, விளம்பரத்தில் ரெஃபரன்ஸ் நம்பர் இருந்தால் அதையும் சேருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நாம் இனிஷியல் போடுவோம், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பிறகு விசா நேரத்தில் இழுபறி. மெயில் ஐடியில் நடிகர் பெயர் வேண்டாம். போன் நம்பருக்கு முன்னால் +91 போடுங்கள்.

பயோடேட்டா, சர்டிஃபிகேட் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி, ஃபைலுக்கு உங்கள் பெயரையும் தொழிலையும் வையுங்கள். போனில் எடுத்த கோணல் போட்டோவை அப்படியே அனுப்பாதீர்கள். ஆதார், பான் எதுவும் முதல் மெயிலில் வேண்டாம். பாஸ்போர்ட் எந்த வருஷம் வரை செல்லும், ஈசிஆரா (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வாங்க வேண்டிய பாஸ்போர்ட்) இல்லையா என்று ஒரு வரி போதும். பத்தாவது பாஸ் என்றால் ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட்டே கிடைக்கும்.

கத்தார், சவுதியில் வெள்ளி, சனி லீவு. துபாயில் 2022 முதல் சனி, ஞாயிறு. எனவே திங்கட்கிழமை காலையில் அனுப்புங்கள். துபாய் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால்.

பதிலில் பணம் கேட்டால் அங்கேயே நில்லுங்கள். ஏஜென்ட் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் லைசென்ஸைத் தேடிப் பாருங்கள். பதிவு பெற்றவர் சர்வீஸ் சார்ஜாக வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான், அதுவும் ரசீதோடு.

ஒரு வாரம் பதிலே இல்லையா? புது மெயில் போடாமல், பழைய மெயிலுக்கே ரிப்ளை கொடுத்து இரண்டு வரியில் கேளுங்கள். ஒரு தடவை கேட்டால் போதும். அப்புறம் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.