ஹீட்டர் காயில் போய்விட்டதா? வகுத்துப் பாருங்கள்

வாட்டர் ஹீட்டர் சூடாகவில்லை என்றதும் புதுக் காயில் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள்) வாங்க ஓடாதீர்கள். முதலில் ஹீட்டரின் மேலே ஒட்டியிருக்கும் விவரச் சீட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறதா? சரி, வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர்: 2000 ÷ 230 = சுமார் 8.7. (இதனால்தான் 6 ஆம்பியர் சாக்கெட்டில் இதைச் செருகக் கூடாது.) அப்புறம் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 230 ÷ 8.7 = சுமார் 26 ஓம்.

இனி பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. காயிலின் ஒரு முனை வயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) 200 ஓமில் வைத்து, அதன் இரு முள்களால் காயிலின் இரு முனைகளையும் தொடுங்கள். 26க்குப் பக்கத்தில் காட்டினால் காயில் அறுந்துபோகவில்லை. தெர்மோஸ்டாட்டையோ (சூடு போதுமானதும் மின்சாரத்தை நிறுத்தும் பாகம்) வயரையோ சந்தேகப்படுங்கள். ஓம் அளவே வராவிட்டால் (மீட்டரில் ‘OL’ என்றோ இடது ஓரத்தில் வெறும் ‘1’ என்றோ காட்டும்) காயில் அறுந்துவிட்டது.

காயில் நன்றாக இருந்தும் தண்ணீர் சூடேற நேரமாகிறதா? வோல்டேஜைப் பாருங்கள். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட். வோல்டேஜ் 180க்கு இறங்கினால் 180 × 180 ÷ 26, அதாவது 1,200 சொச்சம் வாட்தான். வோல்டேஜ் கால்பங்கு கூடக் குறையவில்லை, சூடு கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடுகிறது!

குண்டு பல்பில் மட்டும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். 60 வாட் பல்புக்குக் கணக்கில் 880 ஓம் வரும். ஆனால் இழை ஆறியிருக்கும்போது மீட்டரில் அதில் பத்தில் ஒரு பங்குகூடக் காட்டாது.