பிழையை அமுக்கிவிட்டு கமிட் செய்யாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பைதான் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு தம்பி எழுதிய கடன் கணக்கு நிரலைத் திறந்ததும் வயிற்றைப் பிசைந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே நாலு வரி. கமிட் (மாற்றங்களை டேட்டாபேஸில் நிரந்தரமாக்கும் கட்டளை) போட மறப்பது, டேபிள் பெயரைத் தப்பாக அடிப்பது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். இது அப்படித் தெரியாது.

பிழையை விழுங்குவது

அப்போது ஒரு கூட்டுறவுக் கடைக்கு எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் கணக்கு எழுதிக் கொடுத்தேன். மாதாமாதம் சம்பளத்தில் 45 வெள்ளி (ரிங்கிட்) பிடித்து, கடன் பாக்கியில் கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே டிரான்சாக்ஷன், அதாவது நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் நடக்கக் கூடாது. பாக்கி பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாதென்று டேபிளில் ஒரு செக் விதியும் இருந்தது. அதுவரை சரி. ஆனால் பாக்கியைக் கழிக்கும் இரண்டாவது அப்டேட்டைச் சுற்றி டிரை போட்டு, பிழை வந்தால் ஓடும் எக்ஸெப்ட்டில் வெறும் பிரிண்ட் எழுதிவிட்டேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஓர் அக்கா மூன்று சம்பளச் சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார். "தம்பி, காசு பிடிச்சுக்கிட்டே இருக்காங்க, கடன் மட்டும் 38லயே நிக்குதே?"

கடைசித் தவணை அது. 38 வெள்ளியில் 45ஐக் கழிக்கப் போனதும் செக் விதி தடுத்தது. எழுந்த பிழையை என் எக்ஸெப்ட் அமுக்கியது. பிடித்தம் மட்டும் கமிட் ஆனது. மூன்று மாதத்தில் 135 வெள்ளி போயிருந்தது. அதில் 97 அவருடைய காசு.

பைதானில் எஸ்கியூலைட் இணைப்பை வைத்து நான் எழுதியிருந்த வித் தொகுதி, பிழை தன்னைத் தாண்டி வெளியே வந்தால்தான் ரோல்பேக் செய்யும், அதாவது மாற்றங்களைத் திரும்பப் பெறும். வராவிட்டால் எல்லாம் நல்லபடி நடந்ததென்று கமிட் செய்துவிடும். எஸ்கியூலைட்டும் தோற்றுப்போன அந்த ஒரு கட்டளையை மட்டுமே விலக்கும், முந்தையது அப்படியே நிற்கும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸாக இருந்தால் அந்த டிரான்சாக்ஷனில் கமிட் கேட்டாலும் ரோல்பேக்தான் நடந்திருக்கும்.

பிழையைக் குறித்து வைக்க வேண்டுமா? குறித்துவிட்டு, ரெய்ஸ் போட்டு அதே பிழையை மேலே அனுப்புங்கள். இல்லையென்றால் டிரையை வித்துக்கு வெளியே வையுங்கள். "நிரல் பாதியில் நின்னுடுமே சார்" என்றான் அந்தத் தம்பி. நிற்கட்டும். அந்த அக்கா மூன்று மாதம் காத்திருந்ததைவிட அது எவ்வளவோ மேல்.

ஜாவாவில் ஸ்பிரிங்கை நம்பி இருப்பது

ஸ்பிரிங் என்பது டிரான்சாக்ஷனை நமக்காகக் கவனிக்கும் ஜாவா கட்டமைப்பு. செக்டு எக்ஸெப்ஷன் (கையாளச் சொல்லி ஜாவா கட்டாயப்படுத்தும் பிழை வகை) வந்தால் அது இயல்பாக ரோல்பேக் செய்யாது, கமிட் செய்யும். ரோல்பேக்ஃபார் என்று நீங்கள்தான் எழுதிச் சொல்ல வேண்டும்.

பாக்கியைப் படித்து, நிரலில் கழித்து, திருப்பி எழுதுவது

இரண்டு கவுண்டரில் ஒரே நேரத்தில் நடந்தால் ஒரு கழிவு காணாமல் போகும். கழித்தலை அப்டேட்டுக்குள்ளேயே செய்யுங்கள்.

பணத்தை ஃப்ளோட்டில் வைப்பது

தசமப் புள்ளி எண்ணுக்கான அந்த வகை பணத்துக்கு வேண்டாம். சென் (வெள்ளியில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் முழு எண்ணாக வையுங்கள்.

டிரான்சாக்ஷன் நடுவில் ஆல்டர் டேபிள்

டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை இது. மை எஸ்கியூஎல் டேட்டாபேஸில் இதை ஓட்டினால் அதுவரை செய்ததெல்லாம் அந்த இடத்திலேயே கமிட் ஆகிவிடும்.