பிக்சலுக்குக் கொட்டிய பணம்: இணையத்தில் படம் பகிரக் கேமரா வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மதுரைத் தெருக்களில் படமெடுக்கப் போவது வழக்கம். போன முறை புதிதாக வந்திருந்த தம்பி ஒருவர், திரையின் மேல் ஒட்டிய தாளைக்கூட இன்னும் உரிக்காத கேமராவைப் பையிலிருந்து எடுத்தார். ஃபுல் ஃபிரேம் சென்சார் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு, பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவில்), 33 மெகாபிக்சல், 18 மாதத் தவணை. அதில் மாட்டியிருந்தது பெட்டியோடு வந்த 28–70 கிட் லென்ஸ். எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டேன். “இன்ஸ்டாகிராமில் போடத்தான் அண்ணே. கோயில் திருவிழா, ராத்திரிக் கடைவீதி, அந்த மாதிரி. ஆனா போட்டால் மங்கலாகவே தெரியுது” என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த அதே தவறு, நான் கொடுத்ததைப் போலப் பல மடங்கு விலையில், என் எதிரே நின்றுகொண்டிருந்தது.

பேட்டரிக்குச் சார்ஜ் போட மறப்பது, கார்டு இல்லாமல் கிளம்புவது போன்றவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு நாள் வெறுங்கையோடு திரும்பினால் அவை தாமாகவே சரியாகிவிடும். வாங்கும்போதே நடந்துவிடும் தவறுகள் அப்படியல்ல. தவணை முடியும்வரை கூடவே வரும்.

மெகாபிக்சலைப் பார்த்து விலை கொடுப்பது

ஒரு மெகாபிக்சல் என்பது 10 லட்சம் பிக்சல், அதாவது படத்தின் புள்ளிகள். இன்ஸ்டாகிராமில் நெட்டுவாக்கில் போடும் 4:5 படத்தின் அளவு 1080-க்கு 1350 பிக்சல். பெருக்கிப் பார்த்தால் 14.58 லட்சம், அதாவது ஒன்றரை மெகாபிக்சலைக்கூட எட்டாது. ஃபுல் ஹெச்டி திரையை முழுவதும் நிரப்ப 20.7 லட்சம் பிக்சல் போதும். 4கே திரைக்கே 83 லட்சம்தான் தேவை. அந்தத் தம்பியின் கேமரா எடுப்பது 7008-க்கு 4672 பிக்சல் கொண்ட படம். அதை இணையத்தில் ஏற்றும்போது ஏறத்தாழ 20 பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சும். மற்றவற்றையெல்லாம் செயலி நம்மைக் கேட்காமலே சுருக்கித் தள்ளிவிடுகிறது. தவணை மட்டும் எல்லாப் பிக்சலுக்கும் சேர்த்துத்தான் கட்டவேண்டும்.

இந்தக் கணக்கு 2012-இல் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கையிலிருந்த 6 மெகாபிக்சல் கேமராவை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மேலே கடன் வாங்கி, அப்போது புதிதாக வந்திருந்த 24 மெகாபிக்சல் கேமரா ஒன்றை வாங்கினேன். நான்கு மடங்கு பிக்சல் என்றால் படமும் நான்கு மடங்கு நன்றாக இருக்கும் என்று நம்பினேன். உண்மையில் பிக்சல் நான்கு மடங்கானால் படத்தின் அகலம் இரண்டு மடங்குதான் ஆகும் என்ற பள்ளிக்கூடக் கணக்குகூட அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. லென்ஸைப் பற்றி யோசிக்கவே இல்லை. பெட்டியில் வந்த 18–55 லென்ஸ் இருக்கிறதே, அது போதாதா என்று விட்டுவிட்டேன்.

2013 தைப்பூசத்தன்று மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போனோம். இருட்டிய பிறகு விளக்கு அலங்காரத்தோடு தெப்பம் சுற்றி வர, கரையில் வடம் பிடித்தவர்களின் முகத்தில் அந்த வெளிச்சம் பட்டுப் பட்டு விலகியது. லென்ஸை நீட்டி வைத்து அதிகபட்சமாகத் திறந்தாலும் துளை எஃப்/5.6-க்கு மேல் (இந்த எண் சிறியதானால் துளை பெரிது) திறக்காது என்பதால், ஐ.எஸ்.ஓ.-வை (சென்சாரின் உணர்திறன்) 3200 வரை ஏற்றியும் எனக்குக் கிடைத்த ஷட்டர் வேகம் 1/15 நொடிதான், அசையும் முகத்துக்கு அது போதாது. பக்கத்தில் நின்ற நண்பரிடம் இருந்தது, நான் விற்றதைவிடவும் பழைய 6 மெகாபிக்சல் கேமரா. அதன் ஐ.எஸ்.ஓ. 1600-ஐத் தாண்டாது. ஆனால் அவர் அதில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டியிருந்தார். நிதானமாக 1/60 நொடியில் எடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இருவர் படங்களையும் ஒரே அகலத்துக்குச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் படத்தில் வடத்தின் முறுக்கு தெரிந்தது. இழுத்தவரின் நெற்றியில் திருநீறு காய்ந்து வெடித்திருந்ததும் தெரிந்தது. என் படத்தில் முகம் இரண்டாக இழுபட்டிருந்தது. கேமரா இரைச்சலை (இருட்டில் எடுத்த படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான கறை) குறைக்கிறேன் என்று தோலை மெழுகு பூசியதுபோல வழித்துவிட்டிருந்தது. குளக்கரையில் கேமராவின் மூன்று அங்குலத் திரையில் பார்த்தபோது என் படமும் கூர்மையாகத்தான் தெரிந்தது. அந்தத் திரையில் எல்லாப் படமும் நல்ல படம்தான்.

காரணம் எளிது. லென்ஸின் துளை எண்ணில் ஒன்றை மற்றொன்றால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால், வெளிச்ச வித்தியாசம் கிடைத்துவிடும். 5.6-ஐ 1.8-ஆல் வகுத்தால் 3.1, அதை அதனாலேயே பெருக்கினால் 9-க்கும் மேல். நண்பரின் லென்ஸ் என்னுடையதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விட்டது. சிறிய அளவில் பார்க்கப்படும் படத்தில் கண்ணுக்கு முதலில் தட்டுப்படுவது அசைவும் இரைச்சலும்தான். பிக்சல் எண்ணிக்கை அல்ல. அசைவையும் இரைச்சலையும் குறைப்பது வெளிச்சம். அந்த வெளிச்சத்தைக் கொண்டுவருவது லென்ஸ்.

பாடம் படித்துவிட்டேன் என்று நினைத்து அடுத்த வாரமே செகண்ட் ஹேண்டில் ஒரு பழைய 50 மி.மீ. எஃப்/1.8 வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் ஃபோகஸ் ஆகவில்லை. அந்தப் பழைய லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, அதைச் சுழற்றவேண்டிய மோட்டார் கேமராவின் பாடியில் இருக்கவேண்டும், நான் வாங்கிய பாடியில் அது இல்லை என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். நண்பரின் பழைய பாடியில் அந்த மோட்டார் இருந்தது! இரண்டு ஆண்டுகள் கையாலேயே ஃபோகஸ் செய்து ஓட்டினேன். அதனால் பொறுமை வளர்ந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது.

இந்த மோட்டார் விஷயம் பழங்கதை ஆகிவிடவில்லை. நிகானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகள் இன்றும் செகண்ட் ஹேண்டில் ஏராளமாகக் கைமாறுகின்றன. அவற்றில் மோட்டார் இல்லை. நிகானின் புதிய இசட் வரிசைக் கேமராக்களில் பழைய லென்ஸை மாட்ட நிகானே விற்கும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. ஆகவே பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களை இவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் வகையாகப் பார்த்து வாங்கவேண்டும். கேனனின் இஎஃப் லென்ஸ்களில் தொடக்கத்திலிருந்தே மோட்டார் உள்ளே இருப்பதால் அந்தப் பக்கம் இந்தத் தொல்லை இல்லை.

பிக்சல் அதிகம் இருப்பதால் பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தொலைவிலுள்ள பறவையை வெட்டியெடுத்துப் பெரிதாக்குபவருக்கும், சுவரளவு அச்சுப் போடுபவருக்கும் அது வேண்டும். படத்தை இணையத்தில் மட்டும் பகிர்பவருக்கு 12 மெகாபிக்சலே தாராளம். இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 24-இல் பாதியை வெட்டி எறிந்தாலும் 4கே திரை நிரம்பும். அதற்கு மேல் போகப் போக ஒவ்வொரு கோப்பும் 30, 40 எம்.பி. என்று வீங்கி, கார்டையும் ஹார்டு டிஸ்க்கையும் தின்று, கடைசியில் கணினியையும் மாற்றவைக்கும். அந்தச் செலவைக் கேமராவின் விலைச்சீட்டில் யாரும் எழுதுவதில்லை. கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பாடிக்குப் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. ஒரு தலைமுறை பழைய பாடியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு எஃப்/1.8 லென்ஸ் கூட இருக்கட்டும்.

ஜூம் எண்ணில் மயங்குவது

ஜூம் எவ்வளவு நீள்கிறதோ, சென்சார் பெரும்பாலும் அவ்வளவு சிறியதாக இருக்கும். 125 மடங்கு ஜூம் கொண்ட நிகான் பி1000-இல் இருப்பது 1/2.3 அங்குல வகைச் சென்சார். பெயரை நம்பி அளவெடுக்கக் கூடாது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து எழுந்த பெயர் அது. உண்மை அளவு ஏறத்தாழ 6.2-க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பளவில் ஃபுல் ஃபிரேம் அதைப் போல 30 மடங்கு பெரியது. ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரே 12, 13 மடங்கு வரும்.

ஆனாலும் இந்தக் கேமராக்களை இளக்காரம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வேடந்தாங்கலில் காலை வெயில் ஏறிய பிறகு, கரையில் நின்றபடியே கூட்டிலிருக்கும் நாரையை இதில் எடுத்து இணையத்தில் போட்டால் ஒருவரும் குறை சொல்ல முடியாது. அதே படத்தை எடுக்கப் பெரிய சென்சாரில் மாட்டும் லென்ஸை முதுகில்தான் சுமக்கவேண்டும். மாலையில் வெளிச்சம் மங்கியதும் இறகெல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான். கோயில் பிராகாரத்துக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இதை வாங்குவதுதான் தவறு.

பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் காலாவதி என்று நினைப்பது

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா, மிரர்லெஸ் அந்தக் கண்ணாடி இல்லாதது. நிகான், கேனன் இரண்டுமே 2018-இல் ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ்ஸுக்கெனப் புதிய மவுண்டை (லென்ஸை மாட்டும் வாய்) கொண்டுவந்தன. அதன் பிறகு பழைய மவுண்டு லென்ஸ்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. இணையத்துக்காக மட்டும் எடுப்பவருக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. பாடி வாங்கும்போது, அது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று காட்டும் ஷட்டர் எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பில் இல்லாமல் வாங்குவது

வேண்டாம்.

பையும் முக்காலியும் சேர்ந்த ‘காம்போ’

அந்த முக்காலியைக் காற்றே சாய்த்துவிடும்.

படம் கேமராவிலிருந்து வெளியே வரும் வழியைப் பார்க்காமல் வாங்குவது

பகிர்வதற்காகவே வாங்கும் கேமராவில் முதலில் சோதிக்கவேண்டியது, அது செல்போனுக்குப் படத்தை எப்படி அனுப்புகிறது என்பதுதான். கடையிலேயே உங்கள் போனில் அந்த நிறுவனத்தின் செயலியை இறக்கி, ஒரு படமெடுத்து, அது போனுக்கு வந்து சேரும்வரை நின்று பாருங்கள். இணைப்பு மூன்று முறை அறுந்தால் வீட்டிலும் அறுகும். அப்படிப்பட்ட கேமராவில் எடுத்த படங்கள் கார்டிலேயே கிடந்து, நாளடைவில் நீங்கள் செல்போனிலேயே எடுக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

வாங்கிய கையோடு மெனுவில் வண்ண வெளி (கேமரா வண்ணங்களைப் பதியும் வரம்பு) எஸ்ஆர்ஜிபி-யில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அடோபி ஆர்ஜிபி-யில் வண்ணம் அதிகம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் சரியாகப் படிக்காத செயலியில் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளுத்துப் பழுப்பாகத் தெரியும். உங்கள் கோப்புகளின் பெயர் அடிக்கோட்டுடன் தொடங்கினால் கேமரா அடோபி ஆர்ஜிபி-யில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் அது சுருங்காமல் போகும்.

டார்ச் இல்லாமல் செகண்ட் ஹேண்ட் லென்ஸ் வாங்கப் போவது

நம் ஊர்களில், அதிலும் கடலோரத்தில், பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். லென்ஸின் துளையை முழுவதும் திறந்துவைத்து, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பூஞ்சை, சிலந்தி நூல்போல ஓரத்திலிருந்து கிளைத்து உள்ளே வரும். “துடைத்தால் போய்விடும் சார்” என்பார்கள். அது உள் கண்ணாடியில் இருக்கிறது. லென்ஸைக் கழற்றாமல் துடைக்க முடியாது, கழற்றித் துடைத்தாலும் கண்ணாடியின் பூச்சை அரித்த தடம் போகாது.