மியாட்டா ஏசி: ஆர்-12இலிருந்து ஆர்-134ஏவுக்கு, வீட்டுக் கராஜிலேயே

"கூரையையே மடக்கி வச்சுட்டு ஓட்டற காருக்கு ஏசி எதுக்குடா?" என்று ஊரிலிருந்து வந்திருந்த அப்பா கேட்டார். ஜூலை மாத ஹூஸ்டன், பகல் இரண்டு மணி. ஒரு சிக்னலில் மூன்று நிமிடம் நின்றதும் அவரே, "ஏதாவது பண்ணேன்" என்றார். பண்ணினேன். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டாவது தடவை ஏன் வந்தது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

வண்டி 1991 மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர். இந்த மாடலில் ஏசி கட்டாயம் இல்லை, கேட்டவர்களுக்கு மட்டும் வந்தது. உள்ளே குளிரூட்டும் கேஸ் பழைய ரகமான ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் அமெரிக்காவில் இதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றுவிட்டது. பழைய இருப்பு இன்னும் கிடைக்கிறது. ஆனால் வாங்குவதற்கு வண்டி ஏசி வேலை செய்பவர்களுக்கான 609 சான்றிதழ் வேண்டும், விலையும் தலைசுற்றும். எனவே நான் அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு மாற்றினேன். டேஷ்போர்டு கழற்றுவது, பெல்ட் மாற்றுவது எல்லாம் சர்வீஸ் மேனுவலில் படத்தோடு இருக்கிறது, நான் சொல்லப்போவதில்லை.

முதல் வேலை: பழைய கேஸ்

அழுத்தம் காட்டும் கேஜ் போட்டுப் பாருங்கள். கொஞ்சமாவது அழுத்தம் காட்டினால் எந்த நட்டையும் தொடாதீர்கள். காற்றில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம். ரெகவரி மெஷின் இருக்கும் கடைக்கு ஓட்டிப் போய் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் முள் அசையவே இல்லை, எப்போதோ காலி.

கழற்றுவதும் மாற்றுவதும்

அலுமினியக் குழாய் நட்டுகளுக்கு எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று திருப்ப, ஒன்று எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் நட்டு அசையாது, குழாய்தான் துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

இணைப்புகளில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அத்தனையும் மாற்றுங்கள். பச்சை நிற ஹெச்என்பிஆர் ரகம் ஒரு பெட்டியாகவே கிடைக்கிறது. மாட்டும் முன் ஒவ்வொன்றிலும் எண்ணெய் தடவுங்கள். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், காற்றைக் குளிரவைக்கும் எவாபரேட்டர் பெட்டியை எப்படியும் திறக்க வேண்டும். அதற்குள் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வும் அங்கேதான் இருக்கிறது. முப்பது வருடத்து இலைச் சருகும் அங்கேதான்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து. ஆர்-12 காலத்து மினரல் எண்ணெய் ஆர்-134ஏவோடு கலந்து சுற்றி வராது. ஆகவே கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸரைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, பழையதை முழுக்க வடியுங்கள். பிஏஜி எண்ணெயா எஸ்டர் எண்ணெயா என்றால், இப்படி மாற்றுகிற வண்டிக்கு என் ஓட்டு எஸ்டருக்குத்தான். மிச்சம் மீதி மினரல் எண்ணெயோடு சண்டை போடாது. பிஏஜி காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதிலும் படுவேகம். ஊற்றியபின் கம்ப்ரஸரின் முன் தகட்டைக் கையால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றிவிடுங்கள்.

ஈரத்தை உறிஞ்சும் ரெசீவர் டிரையர் புதிது, 134ஏவுக்கு ஏற்றது. அதை மாட்டுவது கடைசியில். மூடியைக் கழற்றி ராத்திரி முழுக்க விட்டால் அதன் வேலையை உங்கள் கராஜ் காற்றிலேயே முடித்துவிடும்.

நான் வழுக்கி விழுந்த இடம்

கேஸ் ஏற்றும் பழைய ஆர்-12 முனைகள் மரையுள்ளவை. அவற்றின் மேல் 134ஏ அடாப்டர் திருகி நிரந்தரமாக விட வேண்டும், பானெட் அடியில் லேபிளும் ஒட்ட வேண்டும். இரண்டும் விதி. திருகினேன். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப் ஒரு மணி நேரம் ஓடியது. கேஜ் முள் 29 இன்ச்சில் (பாதரச அளவு, கிட்டத்தட்ட முழு வாக்குவம்) நின்றது. பம்பை நிறுத்தி முக்கால் மணி நேரம் பார்த்தேன், முள் துளிகூட நகரவில்லை. கேஸ் ஏற்றினேன். ஜில்லென்று இருந்தது. மூன்றே வாரத்தில் வெந்நீர் அறைக் காற்று.

இரண்டு விஷயம் எனக்கு உறைக்கவில்லை. ஒன்று, வாக்குவத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் 15 பிஎஸ்ஐகூடக் கிடையாது. வண்டி சும்மா நிற்கும்போதே 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஆர்-134ஏ 100 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும், ஓடும்போது ஹை சைடில் (உயர் அழுத்தப் பக்கம்) அதைவிட இரண்டு மடங்கு. வாக்குவம் ஈரத்தை விரட்டத்தான்; அந்தத் தாழ்ந்த அழுத்தத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகிவிடும். கசிவுக்கு அதன் சாட்சியை நம்பக்கூடாது.

இரண்டாவது, கேஜ் ஓஸ் (ரப்பர் குழாய்) எந்த முனையில் உட்கார்ந்திருக்கிறதோ அந்த முனையின் வால்வை அந்தச் சோதனை தொடுவதே இல்லை. ஓஸ்தான் அதை அடைத்துக்கொண்டிருக்கிறதே! என் கசிவு அங்கேதான் இருந்தது: ஹை சைடு அடாப்டருக்குள் இருந்த குட்டி வால்வு கோர்.

சரியான முறை நைட்ரஜன். வெல்டிங் கேஸ் கடையில் சிறிய சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் கிட்டேயே போகாதீர்கள், உள்ளே 2,000 பிஎஸ்ஐக்கு மேல். 150 பிஎஸ்ஐ ஏற்றி, ஓஸைக் கழற்றிவிட்டு, சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். முனைகளின் வாயிலும் தடவுங்கள். எனக்கு அடாப்டர் வாயில் குழந்தை எச்சில் ஊதுகிற மாதிரி ஒரு குமிழி மெல்ல எழுந்தது. மூன்று வாரம் என்னை அலையவிட்டது அதுதான். டயர் ஊதும் கம்ப்ரஸரை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள்; ஈரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்து உள்ளே போகும்.

கேஸ் ஏற்றுதல்

சோதனை முடிந்ததும் மறுபடி ஒரு மணி நேரம் வாக்குவம். அப்புறம் பானெட் அடியில் ஒட்டியிருக்கும் ஆர்-12 எடையில் சுமார் 80 சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். கேனைத் தராசில் வைத்து எடை பார்த்து ஏற்றுவதே ஒழுங்கு. டிரையரின் கண்ணாடியில் நுரை மறையும் வரை ஏற்றும் பழைய வித்தை 134ஏவில் செல்லாது, அளவு மிஞ்சிவிடும். எஞ்சின் ஓடும்போது லோ சைடு (தாழ்ந்த அழுத்தப் பக்கம்) மட்டும், கேன் நிமிர்ந்தபடி. அப்போது ஹை சைடு வால்வைத் திறந்தால் அழுத்தம் கேனுக்குள் திரும்பி, கேன் கையிலேயே வெடிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கருவிகளில் காசு போட வேண்டியது வாக்குவம் பம்பில்தான், டூ-ஸ்டேஜ் வாங்குங்கள். கேஜ் செட் மலிவானதே போதும். ஓட்டை அடைக்கும் திரவம் கலந்த கேன் மட்டும் வேண்டவே வேண்டாம், அடுத்து ரெகவரி செய்பவரின் மெஷினையும் அது அடைத்துவிடும்.

95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் நெடுஞ்சாலையில் என் வென்ட்டில் 47 டிகிரி வருகிறது. சிக்னலில் 58 வரை ஏறுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரைப் பழையதாகவே வைத்துக்கொண்டதன் விலை அது. பேரலல் ஃப்ளோ ரகம் மாட்டினால் குறையும்.

பிற்சேர்க்கை 1: "புரொப்பேன் கலவைக் கேன் மலிவாகக் கிடைக்கிறதே, அதை ஏற்றலாமா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஆர்-12 வண்டியில் தீப்பற்றும் கேஸ் ஏற்றுவது இங்கே சட்டவிரோதம். எவாபரேட்டர் இருப்பது உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில்.

பிற்சேர்க்கை 2: ஓடும்போது குளிர், நின்றால் சூடு என்று எழுதியவருக்கு: கேஸைத் தொடும் முன் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஏசி போட்டதும் அது சுற்ற வேண்டும். அவர் பதில் போட்டிருக்கிறார்: ரிலே போயிருந்ததாம்.