கிராஃபிக்ஸ் கார்டு மாற்றியதும் காணாமல் போன ஒலி

திரைக்குப் படத்தை அனுப்பும் புதிய கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்திக் கணினியை இயக்கியபோது படம் தெளிவாக வந்தது. ஸ்பீக்கரிலிருந்து மட்டும் சிறு சத்தமும் எழவில்லை. 3.5 மி.மீ. பச்சைத் துளையில் வயர் சரியாகவே செருகப்பட்டிருந்தது. திரையில் ஒலி அளவைக் காட்டும் பட்டையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததால், ஒலி வேறெங்கோ போகிறது என்பது புரிந்தது. கார்டை மானிட்டருடன் இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் படத்துடன் ஒலியையும் கடத்தக்கூடியது என்பதால், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரோடு சேர்ந்து நிறுவப்பட்ட ஒலிச் சாதனத்தையே விண்டோஸ் முதன்மை வெளியீடாக எடுத்துக்கொண்டு, ஸ்பீக்கரே இல்லாத என் மானிட்டருக்கு ஒலியை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒலி அமைப்புகளைத் திறந்து ஸ்பீக்கர் வயர் செருகியிருந்த மதர்போர்டின் (கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகை) ஒலி வெளியீட்டைத் தேர்ந்தெடுத்தவுடன் பாட்டு கேட்டது. டிரைவரைப் புதுப்பித்தபின் மறுபடியும் அதே நிலை வந்ததால், விண்டோஸில் சாதனங்களை நிர்வகிக்கும் டிவைஸ் மேனேஜரில் எச்டிஎம்ஐ ஒலிச் சாதனத்தை முடக்கிவைத்தேன். மானிட்டரின் ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.