ஆர்க் வெல்டிங்: ராடு மாற்றும்போது மின்னதிர்ச்சியைத் தவிர்க்கும் முறை

ஆர்க் (இரும்பை உருக்கும் மின்பொறி) எரிந்துகொண்டிருக்கும்போது, வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டருக்கும் வெல்டிங் செய்யப்படும் இரும்பான ஜாபுக்கும் இடையே ஏறத்தாழ 20 முதல் 30 வோல்ட் வரைதான் இருக்கும். ராடு தீர்ந்து ஆர்க் அணைந்தவுடன் அந்த மின்னழுத்தம் 50 முதல் 80 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. வெல்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் புது ராடைச் செருகுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். வீட்டு இணைப்பின் 230 வோல்ட்டோடு ஒப்பிட்டு இதைப் பட்டறைகளில் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வியர்வையில் நனைந்த தோலின் மின்தடை வெகுவாகக் குறைந்துவிடுவதால், தகரக் கொட்டகையின் வெக்கையில் இரும்புச் சட்டத்தின்மேல் அமர்ந்து வேலை செய்பவரின் உயிரைப் பறிக்க 70 வோல்ட் ஏசி போதுமானது.

ஆகவே ராடு மாற்றும்போதும் இரு கைகளிலும் உலர்ந்த, ஓட்டையில்லாத தோல் கையுறை இருக்க வேண்டும். நனைந்த கையுறை இருந்தும் பயனில்லை என்பதால் மாற்று ஜோடி ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். ஜாபின்மேல் நேரடியாக உட்காராமல், உலர்ந்த மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள். ராடை அக்குளில் இடுக்குவதும், கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்வதும், சூடான ஹோல்டரைத் தண்ணீரில் முக்குவதும் அறவே கூடாது.

ஈஎல்சிபி (மின்கசிவு கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்தியிருக்கிறோம் என்ற நிம்மதி இங்கே பாதிதான் உண்மை. அது மெயின் வயரிலோ மெஷினின் உடலிலோ ஏற்படும் கசிவைக் கண்டு துண்டிக்கும். டிரான்ஸ்பார்மரின் வெல்டிங் பக்கம் சப்ளையிலிருந்து மின்னியல் ரீதியாகப் பிரிந்திருப்பதால், ஹோல்டரிலிருந்து உடல் வழியாக ஜாபுக்குப் பாயும் மின்னோட்டத்தை அது அறியாது. அந்தப் பக்கத்துக்கு உதவுவது, ஆர்க் இல்லாத வேளையில் மின்னழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் விஆர்டி என்ற அமைப்புதான். தொட்டி, பாய்லர் போன்ற குறுகிய இடங்களிலும் மழை ஈரத்திலும் வேலை என்றால், அந்த வசதியுள்ள மெஷினையோ டிசி மெஷினையோ தேர்ந்தெடுங்கள்; அத்தகைய இடங்களுக்கான ஏசி மெஷின்களில் ஆர்க் இல்லாதபோது இருக்கும் மின்னழுத்தத்துக்கு ஐஇசி என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் தரநிலை வகுத்துள்ள உச்சவரம்பு 48 வோல்ட்.

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது, மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பும் கேபிளை ஜாபோடு இணைக்கும் ரிட்டர்ன் கிளாம்ப். துருவையும் பெயின்ட்டையும் சுரண்டிவிட்டு, வெல்டிங் செய்யும் இடத்துக்கு இயன்றவரை அருகில் அதை மாட்ட வேண்டும். துண்டுக் கம்பியையோ கட்டடத்தின் இரும்பையோ கேபிளுக்குப் பதிலாகப் பயன்படுத்தினால், நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடிப் பக்கத்திலுள்ள கிரைண்டரின் எர்த் வயரில் பாய்ந்து அதை எரித்துவிடலாம்; அப்புறம் அந்த கிரைண்டரில் கசிவு வந்தால் தொட்டவரைக் காக்க எதுவும் இருக்காது. மெஷினின் உடலுக்குத் தனி எர்த் வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரே ஜாபில் இருவர் வேலை செய்தால், இரண்டு ஹோல்டர்களுக்கு இடையே மின்னழுத்தம் இரட்டிப்பாகக்கூடும் என்பதால், ஒருவர் கைக்கு மற்றவர் ஹோல்டர் எட்டக் கூடாது.

குறுகிய இடத்தில் ஒருவர் இறங்கினால், மெயின் சுவிட்ச் அருகே மற்றொருவர் நிற்க வேண்டும். ஷாக் அடித்தவரைத் தொடுமுன் சுவிட்சை அணையுங்கள். மூச்சில்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு உடனே மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். அவர் எழுந்து நடந்தாலும், இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டிருக்கக்கூடும் என்பதால் அன்றே ஈசிஜி எடுத்துப் பார்ப்பது நல்லது.