பிரிட்டனில் பெட்டிங்: ஆட்ஸில் உள்ள ஓட்டையும் அதற்குக் கொடுக்கும் விலையும்

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ பக்கம் வீடு பிடித்து வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவார்கள்: தோசைக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் நடுவே பெட்டிங் கடைகள். 1961-லிருந்து இவை இங்கே சட்டப்படி நடக்கின்றன. 18 வயது நிரம்பிய யாரும் உள்ளே போகலாம். ஜெயித்த பணத்துக்கு வருமான வரி கிடையாது. பந்தயம் வைப்பவர் கட்டிவந்த தனி வரியையும் 2001-இல் எடுத்துவிட்டார்கள். அறையில் கூடத் தங்கியிருக்கும் யாராவது ஒருவர் சீக்கிரமே சொல்வார்: "புக்கி குடுக்கிற ஆட்ஸ்ல ஓட்டை இருக்குடா, கணக்குப் போட்டு வச்சா தோக்கவே முடியாது."

புக்கி என்றால் பந்தயம் வாங்கும் நிறுவனம். ஆட்ஸ் என்றால் ஜெயித்தால் எவ்வளவு தருவேன் என்று அது போடும் விலை. அதில் ஓட்டை இருப்பது உண்மைதான். அது எவ்வளவு பெரியது, எத்தனை நாள் திறந்திருக்கும், அதில் நுழைந்தவருக்கு வங்கியிலும் வீட்டுக் கடனிலும் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

முதலில் ஆட்ஸைப் படிக்கும் முறை. கடைகளில் பின்னமாக எழுதியிருப்பார்கள். 5/2 என்றால் 2 பவுண்டு வைத்தால் 5 பவுண்டு லாபம், வைத்த 2 பவுண்டும் திரும்பி வரும். ஆன்லைனில் இதையே 3.50 என்று காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போட அதுதான் வசதி. 1-ஐ அந்த எண்ணால் வகுத்தால், புக்கி அந்த முடிவுக்குத் தரும் வாய்ப்பு சதவீதம் வரும். ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு உள்ளூர் அணி 2.00, டிரா 3.40, வெளியூர் அணி 3.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 50, 29.4, 26.3. கூட்டினால் 105.7. நூறுக்கு மேலே இருக்கும் அந்த ஐந்தே முக்கால்தான் புக்கியின் லாபம். ஐந்து ஆட்டங்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் அக்யூமுலேட்டரில் இந்த லாபம் ஐந்து தடவை பெருகும். ஆட்டத்துக்கு 5 சதவீதம் என்றாலும், நீங்கள் வைக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் நீண்ட காலத்தில் திரும்பி வருவது சுமார் 78 பென்ஸ்தான். அக்யூமுலேட்டருக்கு அத்தனை விளம்பரமும் சலுகையும் தருவது இதனால்தான்.

ஓட்டை மூன்று விதமாக வரும். ஒன்று, ஒரு புக்கி விலையை மாற்றத் தாமதிப்பது. வீரருக்குக் காயம் என்ற செய்தி வந்ததும் பந்தயம் வைப்பவர்கள் ஒருவருக்கொருவர் எதிராக வைக்கும் பெட்ஃபேர் மாதிரியான எக்ஸ்சேஞ்சில் விலை உடனே நகர்ந்துவிடும். சில கடைகளில் பழைய விலை சில நிமிடம் அப்படியே நிற்கும். இரண்டாவது, இரண்டு புக்கிகளின் கருத்து வேறுபடுவது. ஒரு டென்னிஸ் ஆட்டத்தில் ஒருவருக்கு ஓரிடத்தில் 2.10, எதிராளிக்கு இன்னோரிடத்தில் 2.05 கிடைத்தால், சதவீதங்களின் கூட்டுத்தொகை 96.4. 49.40 பவுண்டை முதலாமவர் மீதும் 50.60-ஐ இரண்டாமவர் மீதும் வைத்தால் யார் ஜெயித்தாலும் 103.73 திரும்பி வரும். இதற்கு ஆர்பிட்ரேஜ் என்று பெயர். பழகியவர்கள் ஆர்ப் என்பார்கள்.

காகிதத்தில் இது பத்திரமாகத்தான் தெரியும். டென்னிஸில் ஒருவர் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சில புக்கிகள் ஒரு செட் முடிந்திருந்தாலே பந்தயம் செல்லும் என்பார்கள். சிலர் ஆட்டம் முழுதாக முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். ஒரு பக்கம் திரும்பி வந்து மறுபக்கம் தோற்றால், மூன்றே முக்கால் பவுண்டு லாபத்துக்கு ஐம்பது பவுண்டு போகும். இன்னொன்று: 1.20 என்று போட வேண்டியதை 12.0 என்று தவறாகப் போட்டிருந்தால், நீங்கள் ஜெயித்த பிறகும் 'வெளிப்படையான பிழை' என்று சொல்லி அந்தப் பந்தயத்தை ரத்து செய்ய அவர்களுடைய விதிகளில் இடமிருக்கிறது. தகராறு வந்தால், முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுங்கள். தீராவிட்டால் ஐபாஸ் போன்ற நடுவர் அமைப்பிடம் இலவசமாகக் கொண்டுபோகலாம்.

மூன்றாவது, புதிய கணக்குக்குத் தரும் இலவசப் பந்தயம். மேட்ச்ட் பெட்டிங் என்று எல்லோரும் பேசுவது இதைத்தான். 20 பவுண்டு இலவசப் பந்தயத்தை 5.0 விலையில் ஒரு குதிரை மீது வைத்து, அதே குதிரை தோற்கும் என்று எக்ஸ்சேஞ்சில் 5.2 விலைக்கு 15.44 பவுண்டு 'லே' போட்டால், கமிஷன் 2 சதவீதம் போக எப்படி முடிந்தாலும் 15 பவுண்டு சொச்சம் கையில் நிற்கும். அதற்கு எக்ஸ்சேஞ்சில் 65 பவுண்டு முன்கூட்டியே இருக்க வேண்டும். மூன்றிலும் கணக்கு உறுதியாக நிற்பது இதில்தான். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்திலும் புதுக் கணக்குச் சலுகை ஒருமுறைதான். சில வாரங்களில் வரிசை தீர்ந்துவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நீங்கள் 20 பவுண்டு என்று தட்டுவீர்கள். திரையில் 'அதிகபட்சம் 1.12 பவுண்டு' என்று வரும். கணக்கு மூடப்படாது, பணம் பிடிக்கப்படாது, விலை மட்டும் உங்களுக்குப் பயன்படாமல் போய்விடும். நிறுவனங்கள் பார்ப்பது நீங்கள் ஜெயித்தீர்களா என்பதை மட்டுமல்ல. நீங்கள் வைத்த விலை, ஆட்டம் தொடங்கும்போது இருந்த விலையைவிடத் தொடர்ந்து நன்றாக இருந்ததா என்று பார்க்கிறார்கள். நஷ்டத்தில் இருப்பவருடைய கணக்கையும் அதனால் சுருக்குவார்கள். சட்டத்தில் இதற்குத் தடை இல்லை. நம் ஊர் கிரிக்கெட்டை, அதுவும் சின்ன லீக்குகளை, புக்கியைவிட நமக்கு நன்றாகத் தெரியும் என்று நினைப்பவர்களுக்கும் இதே கதைதான். அந்த ஆட்டங்களில் விலை பலவீனமாக இருப்பது உண்மை. அது தெரிந்துதான் அங்கே வைக்கக்கூடிய தொகையை ஆரம்பத்திலேயே குறைத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக் கணக்கு சுருக்கப்பட்டவர்கள் இந்தக் கட்டத்தில்தான் புதிதாக வந்த மாணவர்களைத் தேடி வருவார்கள். "உன் பேர்ல ஒரு கணக்குத் திறந்து குடு, மாசம் நூறு பவுண்டு தர்றேன்." தயவுசெய்து கொடுக்காதீர்கள். பெட்டிங் கணக்கை இன்னொருவருக்குத் தருவது நிறுவனத்தின் விதிமீறல், பணம் முடக்கப்படும். வங்கிக் கணக்கையும் சேர்த்துத் தந்து அதில் யாருடைய பணமோ ஓடினால், கணக்கு மூடப்பட்டு சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பின் பதிவில் உங்கள் பெயர் ஆறு ஆண்டுகள் வரை நிற்கும். அதன்பின் சாதாரண வங்கிக் கணக்கோ மொபைல் ஒப்பந்தமோ கிடைப்பதே பாடு. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கிய வழக்கானால் சட்டத்தில் 14 ஆண்டுகள் வரை சிறைக்கு இடமுண்டு. விசாவில் இருப்பவர் அந்த அபாயத்தின் பக்கமே போகக்கூடாது.

உங்கள் பெயரிலேயே திறப்பதாக இருந்தால், 2019 மே மாதத்திலிருந்து பந்தயம் வைக்கும் முன்பே அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். நம்மவர்கள் மாட்டுவது பெயரில். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும், அல்லது பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் கணக்கு நின்றுவிடும். இது பெட்டிங்குக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் தேவை என்பதால் வந்த உடனே வங்கியில் பெயரைச் சரிசெய்யுங்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் குடிமக்கள் காமன்வெல்த் உரிமையில் இங்கே வாக்காளர் பட்டியலில் சேரலாம். முகவரியை உறுதிசெய்ய அது பெரிய உதவி. டெலிகிராமில் தமிழிலேயே பேசி "ஐடி", அதாவது உரிமம் இல்லாத தளத்தில் பெட்டிங் கணக்கு, தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். சூதாட்டத்துக்கு உரிமம் தரும் அரசு அமைப்பான கேம்பிளிங் கமிஷனின் இணையப் பதிவேட்டில் பெயர் இல்லாத நிறுவனத்திடம் பணம் மாட்டினால் கேட்க நாதியில்லை.

கிரெடிட் கார்டில் பந்தயம் வைப்பது 2020 ஏப்ரல் 14 முதல் தடை. ஆன்லைனில் பெரும்பாலும் டெபிட் கார்டில்தான் கட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு வரவும் செலவும் வங்கி அறிக்கையில் பெயரோடு பதிவாகும். இரண்டு வருடம் கழித்து வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது அந்த அறிக்கையைத்தான் காட்டப் போகிறீர்கள். ஆர்ப் போட்டேன், நஷ்டமே இல்லை என்று விளக்கினாலும், வரிசையாக பெட்டிங் நிறுவனங்களின் பெயர்களைப் பார்க்கும் கடன் அதிகாரி தயங்குவார். என் கணிப்பில், இலவசப் பந்தயங்களில் வரும் சில நூறு பவுண்டைவிட இந்த ஒரு விஷயம் பெரியது. கல்லூரிக் கட்டணத்துக்கோ வாடகைக்கோ வைத்த பணத்தை இதில் ஒரு பென்னிகூடப் போடாதீர்கள். எக்ஸ்சேஞ்சில் 'லே' போடும்போது எண்ணைத் தப்பாகத் தட்டினால் அந்த மாத வாடகை ஒரே ஓட்டத்தில் போய்விடும்.

கடைக்குள் இருக்கும் ரூலெட் இயந்திரங்களில் ஓட்டை எதுவும் கிடையாது. ஒரு சுற்றுக்கு 100 பவுண்டு வரை வைக்க முடிந்ததை 2019 ஏப்ரலில் 2 பவுண்டாகக் குறைத்தார்கள். ஒரு கடைக்கு நான்கு இயந்திரம்தான் என்ற விதியால்தான் ஒரே தெருவில் அத்தனை கடைகள் முளைத்தன. கணக்குப் போடும் திறமைக்கு அங்கே வேலையே இல்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஆப்பைத் திறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2025-இல் இந்தியா முழுவதற்கும் ஆன்லைன் பண விளையாட்டுத் தடைச் சட்டம் வந்துவிட்டது. விபிஎன் போட்டு உள்ளே போனால் நிறுவனமும் கணக்கை முடக்கும்.

கை மீறிப் போகிறது என்று தோன்றினால் தன்னைத் தானே தடுத்துக்கொள்ள உதவும் காம்ஸ்டாப் சேவையில் பதிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம், ஐந்து வருடம் என்று தேர்ந்தெடுக்கலாம். உரிமம் பெற்ற எல்லா ஆன்லைன் நிறுவனங்களும் உங்களைத் தடுத்தாக வேண்டும், இடையில் அதை நீக்க முடியாது. பெரும்பாலான வங்கி ஆப்களில் சூதாட்டச் செலவை நிறுத்தும் பொத்தானும் உண்டு. தேசிய உதவி எண் 0808 8020 133, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். விளையாடுபவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. மனைவியோ அண்ணனோ அறைத் தோழனோ கூப்பிட்டாலும் பேசுவார்கள்.